கலியாணத்துக்கு முதல் எங்கே போவது? பண்ணையா, கசூரினாவா, கீரிமலையா, வடமராட்சியா?

எங்களுடையது பேச்சுக் கலியாணம். தை மாதம் நிச்சயம் முடிந்தது, வைகாசியில் நாள் வைத்திருக்கிறார்கள். பங்குனியில் இங்கே பெரும்பாலும் கலியாணம் வைப்பதில்லை, சித்திரையில் மண்டபம் அகப்படவில்லை, ஆகவே யாரும் கேட்காமலே இரண்டு மாதம் எங்கள் கையில் வந்து விழுந்தது. இப்படி இடையில் நிற்கிற சோடிகள் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு பேர் என்று அறிய ஆசையென்றால் ஞாயிறு பின்னேரம் நல்லூரடி ஐஸ்கிறீம் கடைகளை எட்டிப் பாருங்கள். மேசைக்கு ஒரு சோடி, இரண்டு கிளாஸ், இரண்டு போன். கிளாஸ் முடியக் கதையும் முடிந்துவிடும். அந்தத் தெரிவை நான் இங்கே எடுக்கவே இல்லை, வெளியில் வேப்பமரமெல்லாம் பூத்துக் கொட்டுகிற மாதத்தில் ஏசிக்குள் போய் இருப்பது எனக்கு வீண் வேலையாகத்தான் படுகிறது.

வெளியே போவதென்றால் எங்கே என்பதுதான் கேள்வி. வீட்டுப் பெரியாக்கள், மச்சாள், வேலையிடத்து அக்காமார் எல்லாரும் ஒரே புத்திதான் சொன்னார்கள்: சனம் குறைந்த இடமாகப் பார்த்துப் போ. எனக்குப் பேசிய இவருடைய சிநேகிதர்கள் சொன்னது, வடிவான இடமாகப் போனால் நல்ல படம் எடுக்கலாம் என்று. இந்த இரண்டையும் வைத்து இடம் தெரிந்தால் ஏமாறத்தான் வேண்டிவரும் என்பது என் கட்சி. கடல் வடிவுதான், ஆனால் அதை எவ்வளவு நேரம் பார்ப்பது? ஒருவரையொருவர் அவ்வளவாகத் தெரியாத இரண்டு பேர் வெறுங்கையோடு பக்கத்தில் இருந்தால் கொஞ்ச நேரத்தில் கதை மண்டப வாடகைக்கும் வீடியோக்காரரின் அட்வான்ஸுக்கும் போய்விடும். கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் வாய் தானாகத் திறக்கும். அதனால் எந்த இடத்தைப் பற்றியும் நான் முதலில் கேட்பது, அங்கே இரண்டு பேரும் சேர்ந்து செய்வதற்கு என்ன இருக்கிறது என்பது. அடுத்தது வெயில். பிறகு, பொழுதுபட முதல் வீட்டுக்கு வரலாமா என்பது. சனம் பார்க்குமா என்பது கடைசி. பார்க்கட்டுமே, நிச்சயம் முடிந்த ஆக்கள்தானே.

வெயிலைப் பற்றி முதலே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதி முடிவை அதுதான் எடுக்கிறது. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 9 பாகை 40 கலை வட அகலக்கோட்டில் இருப்பதால் சித்திரைப் புதுவருடத்தை ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மத்தியானம் பன்னிரண்டு மணி கழிந்த கையோடு உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும், மரத்தின் நிழல் மரத்துக்கே போதாது. பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வெளியில் நிற்க வேண்டிய எந்தத் திட்டமும் இந்த மாதங்களில் திட்டமே இல்லை. ஆனால் காற்று விஷயத்தில் இதைவிட நல்ல காலம் கிடையாது. வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை, நடுவில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலத் தட்டையாகக் கிடக்கிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

வாகனத்தையும் ஒரு தெரிவாக எடுங்கள், பலர் எடுப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் தூரம் போகலாம், ஆனால் இரண்டு ஹெல்மெற்றுக்கும் காற்றுக்கும் நடுவில் கதைக்க முடியாது. "என்ன?" "ஒண்டுமில்லை." "என்னெண்டு கேக்கிறன்?" "மாடு வருது, மாடு!" இவ்வளவுதான் வழி முழுக்க. சைக்கிள் என்றால் ஆளுக்கொன்று, ஒழுங்கைக்குள் பக்கம் பக்கமாக மிதிக்கலாம், மேடு பள்ளம் இல்லாத ஊர், மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டே போகலாம். செயின் கழன்றால் இன்னும் நல்லது, அடுத்தவர் பொறுமையின் ஆழம் அன்றைக்கே தெரிந்துவிடும். ரயிலும் இருக்கிறது. 1990இல் நின்றுபோன வடபகுதி ரயில் 2014இல் யாழ்ப்பாணம் வரைக்கும் 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை வரைக்கும் திரும்ப ஓடத் தொடங்கியது, கொக்குவிலில் ஏறினால் கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஊர் ஊராகத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு கடைசி ஸ்ரேசன் வரை போகலாம். செலவும் குறைவு. ஆனால் ரயிலின் நேரத்துக்கு நாங்கள்தான் வளைந்துகொடுக்க வேண்டும். என் வரிசையில் கிட்டத்துக்குச் சைக்கிள், தூரத்துக்கு மோட்டார் சைக்கிள், ரயில் ஒரு மாறுதலுக்கு.

சரி, இடங்களுக்கு வருவோம்.

கிட்டடியில் இருப்பது பண்ணை. வேலை முடிந்து வார நாளிலும் போகலாம் என்பதே அதன் பெரிய பலம். ஒரு பக்கம் கோட்டை மதில், மறுபக்கம் பரவைக்கடல், தூரத்தில் மண்டைதீவு, தண்ணீருக்குள் தடி நட்டுக் கட்டிய சிறகுவலைகள், ஆறேகால் ஆறரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு நடக்கலாம். நடப்பதும் கொறிப்பதும் மட்டும்தானா என்றால், நாங்கள் அங்கே ஒரு வேலை கண்டுபிடித்தோம். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கட்டத் தொடங்கிய கோட்டை இது, 1658இல் ஒல்லாந்தர் பறித்தெடுத்துப் பிறகு ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். கல்லெல்லாம் முருகைக்கல். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளத்தின் உருவம் அப்படியே பதிந்திருக்கும், ஒன்றில் நட்சத்திரம் நட்சத்திரமாக, இன்னொன்றில் மூளை மடிப்புப்போல. யார் புதிய மாதிரி கண்டுபிடிக்கிறார்களோ அவருக்கு மற்றவர் கச்சான் வாங்க வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சிரிக்கலாம், ஆனால் உயிரியலில் இவருக்கு இவ்வளவு பித்து என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது, நிச்சயம் பேசியபோது வந்த தாளில் "ஆர்வம்: கிரிக்கெட்" என்று மட்டுமே இருந்தது.

பண்ணையின் குறை, தெரிந்த முகம். நடைபாதையில் ஐந்து நிமிடம் நடந்தால் அப்பாவின் பழைய மாணவர் ஒருவர், அம்மாவின் சங்கீத ரீச்சர், இவருடைய வங்கி மனேஜர். ஒவ்வொருவருக்கும் நின்று வணக்கம் சொல்லி, கலியாணம் எப்போது, எந்த மண்டபம், மாப்பிள்ளை எந்த ஊர் என்பதையெல்லாம் ஒப்புவிக்க வேண்டும். மாசி மாதத்தில் இதே பரவைக்கடலின் கரையோரம், கல்லுண்டாய் வெளி, அராலிப் பாலம் பக்கம் போனால் பூநாரைகள் நிற்பதைக் காணலாம், அங்கே ஆள் குறைவு. வெயில் ஏற ஏற அவை போகத் தொடங்கிவிடும். பங்குனி பாதிக்குமேல் பூநாரையை நம்பிப் போகாதீர்கள்.

கசூரினாக் கடற்கரை பற்றி நீட்டி எழுத என்னிடம் அதிகம் இல்லை. பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குள் போகிற அந்த வழி, இரண்டு பக்கமும் தண்ணீராக இருக்கும் அது, கடற்கரையைவிட வடிவு. கடற்கரையில் சவுக்குமர நிழல் உண்டு, ஆழமில்லாத அமைதியான கடல், நீந்தத் தெரியாத என்னைப்போன்ற ஆக்களுக்கும் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமையென்றால் தெற்கிலிருந்து வந்த சுற்றுலா பஸ், பாட்டுப்பெட்டி, பந்தடி, சாப்பாட்டுப் பொட்டலம். ஆண்கள் நனைந்த சேட்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள், எங்களுக்கு உடுப்பு மாற்றுவதே ஒரு யோசனை, ஈரத்தோடு இருபது கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்து வந்தால் அடுத்த நாள் தடிமன். வார நாளில் லீவு எடுத்து விடியக் காலையில் போகக் கூடியவர்களுக்கு இது நல்ல இடம். மற்றவர்கள் பாலம் வரை போய்த் திரும்பினாலே காசு மிச்சம்.

கீரிமலையை என் அம்மம்மா அடியோடு மறுத்துவிட்டார். செத்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்கிற இடத்துக்குக் கலியாணத்துக்கு முதல் என்ன போக்கு என்பது அவர் வாதம். நான் சொன்னேன், நகுலேஸ்வரத்தைக் கும்பிடத்தானே போகிறோம், குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி தீர்த்தமாடி நல்ல முகம் பெற்றதும் அங்கேதானே, பொம்பிளைக்கு அதைவிட நல்ல சகுனம் எது என்று. கடைசியில் தங்கச்சியையும் அனுப்பி அனுமதி கொடுத்தார். மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்தடியால் வந்து கடலோரத்தில் ஊறுகிற நன்னீர் அது, மதிலுக்கு அந்தப் பக்கம் அலையடிக்கிறது, இந்தப் பக்கம் குளிர்ந்த நல்ல தண்ணீர், சித்திரை வெயிலுக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. ஆனால் சோடியாகப் போகிறவர்களுக்கு ஒரு பகிடி காத்திருக்கிறது. ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி. இவர் அங்கே நீந்திக்கொண்டிருக்க நானும் தங்கச்சியும் இங்கே இருந்தோம், தலை துவட்டிக்கொண்டு வெளியில் வந்துதான் சந்தித்தோம். குளிப்புக்கு முழுப் புள்ளி, மற்றதுக்குப் பூச்சியம். சகோதரங்களோடு கும்பலாகப் போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ரயிலில் காங்கேசன்துறை வரை போய் அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் போக்குவரத்தும் ஒரு விளையாட்டாக இருக்கும்.

இனி, யாருமே சோடிகளுக்குச் சொல்லாத ஒரு தெரிவு. பங்குனித் திங்கள். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோவிலில் பங்குனி மாதத் திங்கட்கிழமைகளில் ஊர் ஊராக வந்து பொங்குவார்கள், ஒரு காலத்தில் மாட்டு வண்டில் கட்டிக்கொண்டு வந்ததாக அம்மம்மா சொல்வார். எங்கள் இரண்டு வீடும் சேர்ந்து போவதென்று முடிவானதும் நான் உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன். மாமா, மாமி, பெரியம்மா, சித்தப்பா, வாண்டுகள், ஒரு வான் நிறைய சனம், இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைத்த மாதிரித்தான் என்று நினைத்தேன். விடிய முதலே வெளிக்கிட்டு, கோப்பாய் கைதடிப் பாலத்தைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. கோவிலடியில் போய் இறங்கியதும் மாமி இவருக்கு மூன்று கல்லைக் காட்டினார், எனக்குக் குடத்தைக் காட்டினார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. கல் ஆடாமல் வைக்க வேண்டும், பானைக்கு மஞ்சள் கட்ட வேண்டும், விறகு பச்சை, ஊதி ஊதிக் கண்ணெல்லாம் புகை. நான் தேங்காய் துருவ இவர் பால் பிழிந்தார், பயறு வறுத்துக்கொண்டு வர மறந்த சித்திக்கு எல்லாரும் ஏசினார்கள், அரிசி போட்டுத் துழாவுகிற நேரம் பக்கத்து அடுப்பு ஆக்கள் வந்து எங்களிடம் நெருப்பு கேட்டார்கள். பானை பொங்கி வழிந்து எங்கள் அடுப்பை அணைத்துவிட்டது. இவர் கோபப்படுவாரோ என்று பார்த்தேன். "பொங்கினது பொங்கீட்டுது, இனி நீர் கிண்டும், நான் ஊதிறன்" என்றார், அவ்வளவுதான். சுற்றிவர ஐம்பது கண் இருந்தது உண்மை, ஆனால் ஐம்பது பேருக்கும் அவரவர் அடுப்பு இருந்தது. குனிந்து புகைக்குள் இருந்துகொண்டு நாங்கள் கதைத்த கதையைப் பண்ணையிலோ கடற்கரையிலோ ஒரு நாளும் கதைத்ததில்லை. வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போகிற எண்ணம் இருக்கிறதா என்று நான் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியையும் அங்கேதான் கேட்டேன், விறகைத் தள்ளிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல். முகத்தைப் பார்க்காமல் கேட்கக் கூடியதாக இருந்ததுதான் வசதி. பொங்கல் முடியச் சோறும் மட்டுவில் கத்தரிக்காய்க் கறியும். அந்த ஊர்க் கத்தரிக்காயின் பெயர் வடபகுதி முழுக்கத் தெரிந்ததுதான், ஆனால் பசியோடு மரநிழலில் இருந்து தின்றால் ஏன் அந்தப் பெயர் என்பது புரியும்.

குறை என்றால் திங்கட்கிழமை, லீவு எடுக்க வேண்டும். பங்குனியில் நாலைந்து திங்கள்தான் வரும், தவறவிட்டால் அடுத்த வருடம்.

குடாநாட்டின் வடகிழக்குப் பக்கமான வடமராட்சிக்கு வருகிறேன். இவர் வடமராட்சியில் கரவெட்டி ஆள், நான் வலிகாமத்தில் கொக்குவில், அதனால் இதில் நான் பக்கம் சாய்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது, சாய்வதானால் வலிகாமத்துக்குத்தான் சாய வேண்டும். ஆனாலும் ஞாயிறு காலைக்கு இதற்கு ஈடு வேறில்லை. ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் பருத்தித்துறை வீதியில் இருபாலை, கோப்பாய், நீர்வேலி என்று செம்மண் தோட்டங்களுக்குள்ளால் போகும் வழி, இறைக்கிற தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற சத்தம், நீர்வேலி வாழைத்தோட்டங்களின் குளிர். புத்தூரில் கொஞ்சம் விலகினால் நிலாவரைக் கிணறு, மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் உள்ள கிணறு. எட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிறகு வல்லை வெளி. வீடு வாசல் எதுவும் இல்லாத அந்த வெளியில் காற்று ஒரு பக்கமாக அடிக்கும், பின்னுக்கு இருக்கிறவர் சாய்வைச் சரியாகக் கொடுக்காவிட்டால் வண்டி கோணும். முதல் தரம் எனக்குத் தெரியவில்லை, பிறகு இவர் சொல்லாமலே எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பிடிபட்டது. வல்லை முனியப்பரடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போவது வழிப்போக்கர் வழக்கம், நாங்களும் விடவில்லை.

நெல்லியடி, மந்திகை கடந்து பருத்தித்துறை போய்ச் சேரக் காலைப் பசி சரியாக வந்து நிற்கும். ஓடக்கரையில் வீடுகளில் சுட்டுத் தருகிற தோசை, சம்பல், அப்பம். வரிசையில் நிற்க வேண்டும், கடதாசியில் சுற்றித் தருவார்கள், சூட்டோடு தின்னாவிட்டால் பலனில்லை. அங்கிருந்து சக்கோட்டை முனை, இலங்கையின் வடக்கு எல்லை, அதற்கப்பால் கடல்தான். வந்த வழியால் திரும்பாதீர்கள், கரையோர வீதியால் வாருங்கள். வலது கைப் பக்கம் கடல், வீதியோரம் இழுத்து வைத்த வள்ளங்கள், வலை பொத்துகிற ஆக்கள், பொலிகண்டி, வல்வெட்டித்துறை. மீன் வாங்குகிற வேலையை என்னிடம் விட்டார். விளைமீனுக்கும் பாரைக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் முழிக்க, விற்கிற ஐயா இவரைப் பார்த்து, "தம்பி, இனி உமக்கு மரக்கறிதான்" என்றார். தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி. வாய் கட்டிப் பூசை செய்கிற அந்தக் கோவிலில் மத்தியானம் மடங்களில் அன்னதானம், அன்னதானக் கந்தன் என்றே பெயர். சாப்பிட்டு, மடத்துத் திண்ணையில் வெயில் தணியும் வரை இருந்து, அச்சுவேலிப் பக்கத்தால் வீடு. பொழுதுபட நிறைய நேரம் இருக்கும்.

ஒரு ஆசை மட்டும் இந்தத் திட்டத்துக்குள் அடங்காது. மணற்காடு. மணல்மேடுகள், சவுக்கங்காடு, மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோவில், பக்கத்திலேயே 2004 சுனாமியில் போனவர்களின் சேமக்காலை. நாலு மணிக்கு முதல் மணலில் கால் வைக்க முடியாது, நாலு மணிக்குப் பிறகு போனால் கொக்குவிலுக்கு இருட்டித்தான் வரலாம். வடமராட்சியிலேயே வீடு உள்ளவர்களுக்கு அது கொடுப்பினை, எங்களுக்கு இப்போதைக்கு இல்லை. பருத்தித்துறைத் தட்டைவடையை மட்டும் ஒரு பை வாங்கி வாருங்கள், மாமியாருக்கோ அம்மாவுக்கோ, பிந்தி வந்தால் அது கதைக்கும்.

எங்கேயும் போகாமல் இருப்பதும் ஒரு தெரிவுதான், அதை மதிப்புக் குறைவாக நினைக்காதீர்கள். சித்திரையில் எங்கள் வளவு வேப்பமரத்தடி வெள்ளையாகிவிடும். பாய் விரித்து, கொப்பை உலுப்பி, பூவைக் கூட்டி, தும்பு தூசி புடைத்து, வெயிலில் போட்டால் வேப்பம்பூ வடகத்துக்கு ஆயத்தம். உழுந்து அரைப்பது, வெங்காயம் செத்தல் மிளகாய் வெட்டுவது, தட்டித் தட்டிச் சுளகில் வைப்பது எல்லாம் இரண்டு பேர் வேலை, நடுவில் அம்மா மேற்பார்வை. பனையேறுகிற அண்ணை நுங்குக் குலை இறக்கினால் இன்னும் விசேஷம். சீவித் தருவதைப் பெருவிரலால் தோண்டி எடுக்கத் தெரிய வேண்டும், கரண்டி கேட்டால் மானம் போய்விடும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைப் பனையோலைப் பிளாவில் ஊற்றி விடியற்காலையில் குடித்தால் வெயிலே தெரியாது, சுண்ணாம்புதான் அதைப் புளித்துக் கள்ளாகப் போகாமல் தடுக்கிறது. மாம்பிஞ்சு, உப்பு, மிளகாய்த்தூள், குயில். கறுத்தக்கொழும்பான் பழுக்க இன்னும் நாள் கிடக்கிறது, அது கலியாணத்துக்குப் பிறகுதான். இந்தத் தெரிவுக்குச் செலவில்லை, வெயிலில்லை, வீடு வர வேண்டிய கவலை இவருக்கு மட்டும். ஒரே தொல்லை, தங்கச்சி.

ஆகவே எங்கள் தீர்மானம் இப்படி. வார நாளில் நேரம் கிடைத்தால் சைக்கிளில் பண்ணை, அதுவும் முகம் தெரிந்த ஆக்கள் குறைந்த புதன், வியாழன். ஞாயிறு என்றால் விடியவே வெளிக்கிட்டு வடமராட்சி. பங்குனியில் ஒரு திங்கள் லீவு போட்டு மட்டுவில், இதை யார் கேட்டாலும் முதலாவதாகச் சொல்வேன். வெயில் கொளுத்துகிற நாளில் எங்கள் வளவு வேப்பமரம். கசூரினா, கீரிமலை இரண்டும் கலியாணத்துக்கு வருகிற கனடாச் சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு போக இருக்கட்டும்.

நெடுந்தீவில்தான் இழுபறி. இவருக்கு அங்கே போயே ஆக வேண்டும். குறிகட்டுவான் வரை போகிற தாம்போதி வழி, படகில் ஒரு மணித்தியாலம் போல, பிறகு முருகைக்கல் மதில்கள், பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, வெளியில் திரிகிற குதிரைகள், எல்லாம் உண்மைதான், மழை விட்டு அதிக நாள் ஆகாத மாசியில் என்றால் புல்லும் தண்ணீரும் இருக்கும். ஆனால் படகு காலையில் கொண்டுபோய் விட்டால் திரும்புவது பின்னேரப் படகில், நான் மேலே சொன்ன அந்தப் பத்து மணி முதல் நாலு மணி வரையிலான வெயில் முழுவதையும் நிழலில்லாத தீவில்தான் கழிக்க வேண்டும். திரும்பும் படகைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்று அப்பா கேட்ட கேள்விக்கு இவரிடம் பதிலில்லை. கலியாணம் முடியப் போகலாம் என்றால் அப்போது சோளகம் பிடித்துவிடும், கடல் எழும்பிவிடும், நான் படகில் சத்தி எடுக்கிற ஆள். ஆவணி, புரட்டாதி போய், மாரியும் போய், வருகிற மாசிக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். இவர் கலண்டரில் அடையாளம் போட்டுவிட்டார், மாமி அதைப் பார்த்துவிட்டு, அந்த மாதம் வேறு ஏதும் விசேஷம் வந்தாலும் வரும் என்று ஒரு மாதிரியாகச் சிரிக்கிறார்.